சாம்பலில் குளம்படி

நான் எடுத்த புகைப்படங்களில் பொது இடத்தில் நிற்பது ஒன்றே ஒன்றுதான். எங்கள் அடுக்ககத்துக்குப் பின்புறம் இருக்கும் மேய்ச்சல் நிலத்தின் வாசலில், இரும்புக் கதவுக்கு இடப்பக்கம், ஆளுயரப் பலகையில் அது ஒட்டப்பட்டிருக்கிறது. செம்மண் தரையில் குறுக்காக ஒரு கருகிய பட்டை, அதன்மேல் சாம்பல், அதற்கப்பால் புல் இல்லாத மொட்டைச் சரிவு. கைப்பேசியில், காலை ஏழு மணி வெளிச்சத்தில் எடுத்த சாதாரணப் படம். தினமும் நடைப்பயிற்சிக்கு அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த இடம் வந்ததும் நான் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வேன். இப்படிக் குனிந்து குனிந்தே இரண்டு வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்பா மாநில அரசு உத்தியோகத்தில் இருந்தவர். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் பெங்களூரின் அரசுக் குடியிருப்புகளில்தான். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். இருபத்தைந்து வருடம் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் இயந்திரங்களுக்குக் கையேடு எழுதினேன். ‘உள்ளே கையை விடாதீர்கள்’, ‘ஈரமான இடத்தில் வைக்காதீர்கள்’ என்று மூன்று மொழிகளில் எச்சரிக்கை எழுதுவது என் தொழில். ஓர் ஒற்று விடுபட்டால்கூட எனக்கு நாள் முழுக்க மனசு ஆறாது. அடுத்தவர் தப்பு கண்ணில் பட்டால் உடனே சொல்லிவிடுவேன். வீட்டில் எனக்குப் பெயரே இன்ஸ்பெக்டர். அப்படிப்பட்டவள்தான் இந்தக் காரியத்தைச் செய்தேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

பொம்மசந்திராவின் தொழிற்சாலைகளைத் தாண்டி ஆனேக்கல் பக்கம் வந்தால் எங்கள் அடுக்ககம். அதன் பின்புறச் சரிவு அரசாங்கத்தின் கோமாளம். நம் பக்கத்துப் பேச்சில் மேய்ச்சல் புறம்போக்கு. ஊர் மாடுகள் மேய்வதற்காக எந்தக் காலத்திலோ ஒதுக்கிய நிலம், யாருக்கும் பட்டா கிடையாது. சரிவின் அடியில் ஒரு குட்டை. நாங்கள் குடிவந்தபோது அந்த நிலம் பார்க்கச் சகிக்காமல் கிடந்தது என்பது உண்மை. அறுவடை முடிந்ததும் எங்கிருந்தோ பெரிய பெரிய ஆட்டு மந்தைகள் வந்து வாரக்கணக்கில் தங்கும். வேர் தெரியும்வரை புல்லைக் கரம்பிவிட்டுப் போகும். அடுத்த மழையில் மேல்மண் முழுக்கக் குட்டைக்குள் இறங்கும். போதாததற்கு, விடியற்காலையில் கட்டிட இடிபாடுகளைக் கொட்டிவிட்டு ஓடும் லாரிகள் வேறு. சரிவு முழுக்க ஆள் இறங்கி நிற்கும் அளவுக்கு மண்ணரிப்புப் பள்ளங்கள்.

அதைச் சரிசெய்யத்தான் எங்கள் அடுக்ககத்தில் ஆறேழு பேர் ஒரு குழுவாகச் சேர்ந்தோம். ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவர் தலைவர். நல்ல மனிதர், பிடிவாதக்காரர். வேலி போட்டு, கால்நடைகளை நிறுத்தி, மரம் நட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் உறுதியாக நம்பினார். கன்னடத்தில் மனு எழுதவும் அலுவலகங்களில் பேசவும் ஆள் வேண்டுமே, அது நான். ஒரு வருடம் மனு மேல் மனு எழுதினேன். ஒன்றும் நகரவில்லை.

அந்த நிலத்தில் தினமும் மேய்த்தவர்களில் எனக்குப் பழக்கமானவள் ஒருத்திதான். சரிவின் மறுபக்கத்து ஊர்க்காரி, நாற்பதைத் தாண்டியவள். தளிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்ததால் தமிழ் பேசுவாள். மூன்று உருப்படிகள் வைத்திருந்தாள். ஒரு சீமைப் பசு, ஒரு கிடேரி, ஒரு செவலைப் பசு. செவலைக்கு முன்னங்கால் குளம்பு ஒன்று விரிந்து கோணிப்போயிருக்கும். கன்றாக இருந்தபோது சக்கரத்தில் சிக்கியதாம். அது நடந்துபோன இடத்தை மண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம், மூன்று நல்ல தடம், ஒரு கோணல் தடம். கழுத்தில் கட்டியிருந்த தகர மணி ‘டங்’கென்று மந்தமாகத்தான் ஒலிக்கும். எங்கள் வீட்டுக்குப் பால் அவள்தான் ஊற்றினாள். என்னை அக்கா என்று கூப்பிடுவாள்.

ஒரு சங்கராந்தியன்று பால் ஊற்ற வந்தவள், “சாயந்திரம் கிச்சு ஹாய்க்கிறோம், வாங்கக்கா, மேல பாதைக்கு” என்றாள்.

சங்கராந்தி சாயங்காலம் மாடுகளைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, கொம்புக்கு வண்ணமடித்து, பாதையின் குறுக்கே வைக்கோலைப் பரப்பிக் கொளுத்துவார்கள். அந்தத் தீயைத் தாண்டி மாடுகளை ஓட்டுவதுதான் கிச்சு. உடம்பில் ஒட்டிய உண்ணி உதிரும், வருடம் முழுக்க நோய் அண்டாது என்பது நம்பிக்கை. இந்தப் பக்கத்து ஊர்களில் எல்லாம் உண்டு. சின்ன வயதில் அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார். எனக்குப் புதிதில்லை. போனேன்.

பதினைந்து இருபது மாடுகள் வந்திருந்தன. வைக்கோல் பற்றிக்கொண்டதும் மற்ற மாடுகள் மிரண்டு ஒதுங்கின. செவலைதான் முதலில் பாய்ந்தது. கழுத்தில் கட்டிய பலூன் வெடித்தது, மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவள் கயிற்றைப் பிடித்தபடி கூடவே ஓடினாள். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் மாட்டின் நெற்றியில் தன் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாள். தீ இரண்டு நிமிடத்தில் அடங்கிவிட்டது. கடைசியாகத் தானே இன்னொரு தடவை அந்தச் சூட்டுச் சாம்பலைக் குறுக்கே தாண்டி செவலையோடு திரும்பி வந்தாள். எனக்கு ஒரு பொட்டலம் எள்ளும் வெல்லமும், ஒரு துண்டுக் கரும்பும் கொடுத்தாள். இந்த ஊரில் சங்கராந்தி எள்ளை வாங்கிக்கொண்டால் கொடுத்தவரைப் பற்றி அந்த வருடம் நல்லதே பேச வேண்டும் என்பது வழக்கம். தெரிந்துதான் வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை இன்ஜினியரும் நானும் மேல்பாதையில் நடந்தோம். கருகிய பட்டையைப் பார்த்ததும் அவர் நின்றுவிட்டார்.

“பாத்தீங்களா மேடம், நெருப்பு வெச்சிருக்காங்க. புதுப் புல்லு வரணும்னு கொளுத்திடறது. சொன்னா யாராவது நம்பினாங்களா? எடுங்க, போட்டோ எடுங்க.”

நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே வாக்கியம். ‘இல்ல சார், இது நேத்து சங்கராந்திக் கிச்சு.’ வாய்வரை வந்தது. ஒரு வருட மனுக்கள் ஞாபகம் வந்தன. ஒவ்வொரு மேஜையிலும் “ஆதாரம் இருக்கா?” என்று கேட்டது ஞாபகம் வந்தது. கை கைப்பேசியை எடுத்துவிட்டது. எடுத்த பிறகு பெரிதாக்கிப் பார்த்தேன். சாம்பலின் நடுவில் செவலையின் கோணல் குளம்பு பளிச்சென்று பதிந்திருந்தது. மாடு தாண்டிய தீ என்று அந்தப் படமே சொன்னது. பார்க்கத் தெரிந்தவர் பார்த்தால் போதும். ஆனால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்றும் எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலமே படத்துக்குக் கீழே வாசகம் எழுதினேன். ‘மேய்ச்சல்காரர்கள் வைத்த தீயில் கருகிய நிலம்.’ கன்னடம், ஆங்கிலம், தமிழ். ஒரு பிழை கிடையாது.

மனு மளமளவென்று நகர்ந்தது. மழைக்கு முன்பே ஒரு கம்பெனியின் உதவியோடு அகழி வெட்டி, கம்பிவலை அடித்து, இரும்புக் கதவும் போட்டாகிவிட்டது. உள்ளே நூற்றுக்கணக்கில் மரக்கன்றுகள். என் வீடு பக்கத்தில் என்பதால் சாவி என்னிடம் இருக்கட்டும் என்றார்கள். பெருமையாகத்தான் வாங்கிக்கொண்டேன். வாசலில் பலகை வைத்தார்கள், அதில் என் படம், என் வாசகம்.

பலகை வைத்த அன்று அவள் பால் பாத்திரத்தோடு வந்து அதன் முன்னால் நின்றாள். நான் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்கு எந்த மொழியிலும் எழுத்து தெரியாது. படத்தை உற்றுப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தாள்.

“அக்கா, இது நாம கிச்சு போட்ட ஜாகா தானே? தோ பாருங்க, எங்க செவலை காலு. எம்மா பெருசா போட்டிருக்கீங்க.”

“ம்” என்றேன்.

“நல்லா வந்திருக்குதுக்கா. கீழ என்னா எழுதிருக்குது?”

“இந்த இடத்த எல்லாரும் நல்லாப் பாத்துக்கணும்னு போட்டிருக்கு.”

“ஆமா, பாத்துக்கணும்” என்றாள். பிறகு, வேலி வந்துவிட்டதே, மாடு எந்த வழியாக உள்ளே போக வேண்டும் என்று கேட்டாள். மாடு இனிமேல் உள்ளே போகாது என்று நான் சொன்னேன். அவள் நான் விளையாடுவதாக நினைத்தாள்.

ஒரு மாதம் கழித்து அவள் என்னை மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தாள். வேலி போட்ட வருத்தம், போகப் போகச் சரியாகிவிடும் என்று எடுத்துக்கொண்டேன். சில நாளில் பாலும் நின்றது. தீவனம் வாங்கிப் போட்டுக் கட்டவில்லை என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினாள்.

அந்த வருடத்து மழையில் நிலம் பச்சை பிடித்தது. இது பொய்யில்லை. மொட்டைச் சரிவில் முழங்கால் உயரம் புல். மண் இறங்குவது நின்று குட்டைத் தண்ணீர் தெளிந்தது. ஆள்காட்டிக் குருவி தரையில் முட்டையிட்டு, யார் போனாலும் கத்திக்கொண்டு தலைக்கு மேலே சுற்றியது. இன்ஜினியர் கண் கலங்கினார். நானும் சந்தோஷப்பட்டேன். நாலு பேர் வந்து பாராட்டியபோது பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் நாலரை மணிக்குத்தான் சிக்கல். அந்த நேரத்தில் மாடுகள் குட்டைக்கு இறங்கித் தண்ணீர் குடிப்பது வழக்கம். மற்ற மாடுகள் பழக்கத்தை மறந்துவிட்டன. செவலை மறக்கவில்லை. கயிற்றை அறுத்துக்கொண்டாவது வந்து இரும்புக் கதவின் முன்னால் நிற்கும். கத்தாது, முட்டாது, சும்மா நிற்கும். எங்கள் பால்கனியிலிருந்து பார்த்தால் கதவும் அதன் முன்னால் அந்தச் சிவப்பு முதுகும் மட்டும் தெரியும். தலையை ஆட்டினால் மணி ‘டங்’ என்னும். அவள் வந்து ஓட்டிக்கொண்டு போவாள். போகும்போது ஒருநாளும் மேலே, என் பால்கனியைப் பார்த்ததில்லை. நான் இருப்பது அவளுக்குத் தெரியும். நான் காபியை உள்ளே போய்க் குடிக்க ஆரம்பித்தேன். சமையலறை ஜன்னலைச் சாத்தினால் மணிச் சத்தம் கேட்காது. ஆனால் சாத்தினேனே, அந்த நினைப்பு போகாது.

அடுத்த சங்கராந்தியன்று மத்தியானம் அவளே என் வீட்டு வாசலுக்கு வந்தாள். வெறுங்கை. எள்ளுப் பொட்டலம் இல்லை என்பதைத்தான் நான் முதலில் கவனித்தேன்.

“மேடம், சாவி உங்க கிட்டதானே இருக்குது?”

“ஆமா.”

“ஒரு அரை மணி நேரம் தொறந்து விடுங்க. மேல பாதையில கிச்சு போட்டுட்டு வந்துடறோம். செவலை ஒண்ணுதான் இருக்குது இப்போ.”

சீமைப் பசுவையும் கிடேரியையும் விற்றுவிட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. புல் காய்ந்து முழங்கால்வரை நிற்கிறது, உள்ளே நெருப்பு கூடாது என்பது விதி என்றேன். விதி சரியான விதிதான். சொல்லத் தகுதியில்லாத வாய்தான் சொன்னது.

“உள்ள நெருப்பு கூடாதா மேடம்?” என்று திருப்பிக் கேட்டாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்லப் போகிறேன் என்று காத்திருந்ததுபோல இருந்தது. நான், “ரூல்ஸ்ல அப்படித்தான் இருக்கு, என் கையில எதுவும் இல்ல” என்றேன். சாவி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் நின்ற இடத்திலிருந்து அது தெரிந்திருக்கும்.

அன்று சாயங்காலம் எங்கள் அடுக்ககத்தின் முன்னால், தார்ச்சாலையில் கிச்சு போட்டார்கள். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்று ஹாரன் அடித்தன. அரை ஆள் அகலத்துக்கு வைக்கோல், அவ்வளவுதான். செவலைக்குக் கொம்பில் மஞ்சள் வண்ணம் அடித்திருந்தாள். தீ வரை ஓடிவந்த மாடு, தாரில் குளம்பு வழுக்கி, மிரண்டு, திரும்பிவிட்டது. அவள் இரண்டாம் முறை ஓட்டிப் பார்த்தாள், மூன்றாம் முறையும் பார்த்தாள். அதற்குள் ஒரு கம்பெனி வேன்காரர் இறங்கிச் சத்தம் போட, யாரோ வைக்கோலைக் காலால் தள்ளி அணைத்துவிட்டார்கள். செவலை அந்த வருடம் தீயைத் தாண்டவில்லை. நான் பால்கனியிலிருந்து முழுக்கப் பார்த்தேன். இறங்கிப் போய்க் கதவைத் திறந்துவிட எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

இரண்டாம் மழையில் புல் ஆளை மறைத்தது. பழைய புல் சாயாமல் நிற்க, புதுப் புல் அதன் இடுக்கில் வெளுத்து வந்தது. வேலியோரம் முழுக்க உண்ணிச்செடியும் பார்த்தீனியமும். ஆள்காட்டிக் குருவியைக் காணோம். புல்வெளிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் வந்து ஒரு நாள் முழுக்கச் சுற்றிப் பார்த்தாள். இது காடாக இருந்த இடமே இல்லை, ஆதியிலிருந்தே புல்வெளி, நீங்கள் நட்ட மரங்கள்தான் இங்கே அந்நியம் என்றாள். மந்தை மந்தையாக ஆடு மேய்ந்தது கெடுதல்தான். அதற்காக ஒரு மாடுகூடக் கால் வைக்காமல் பூட்டிவைப்பதும் கெடுதல்தான். ஊர் மாடுகள் முறை வைத்துக் கொஞ்சம் மேய்ந்தால் பழைய புல் குறையும், குருவிக்குத் தரை தெரியும், தீப்பிடிக்கிற ஆபத்தும் இருக்காது என்றாள். இன்ஜினியருக்குக் கோபம் வந்துவிட்டது. “மறுபடியும் அவங்களயே உள்ள விடச் சொல்றீங்களா? அவங்க என்ன பண்ணுவாங்கன்னு வாசல்லயே போட்டிருக்கு, படிச்சுப் பாருங்க” என்றார். அவள் என்னை மட்டும் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பலகையைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, இதை எடுத்தது யார் என்று கன்னடத்தில் கேட்டாள். நான் தெரியாது என்று சொன்னேன். எழுதும்போதுகூடக் கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் சொன்னேன்.

அந்தத் தீபாவளிக்கு முன்பிருந்தே நாலரை மணிக்குக் கதவின் முன்னால் செவலை வரவில்லை. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். மூன்றாம் நாளே மணிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன், யாருமில்லை. காற்றில் கதவுச் சங்கிலி இரும்பில் மோதிக்கொண்டிருந்தது. அதே மந்தமான ‘டங்’. சங்கிலி என்று தெரிந்த பிறகும் ஒவ்வொரு முறையும் எழுந்து போய்ப் பார்க்கிறேன். ஒருநாள் துணியைச் சுற்றிச் சங்கிலியைக் கட்டிவைத்தேன். அப்போதும் கேட்டது.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் நிலம் பற்றிக்கொண்டது. பீடியா, குப்பைக்கு வைத்த நெருப்பா, கடைசிவரை தெரியவில்லை. நான் அன்று வைட்ஃபீல்டில் ஒரு பழைய சிநேகிதியைப் பார்க்கப் போயிருந்தேன். சாவி என் பையில் இருந்தது. இன்ஜினியர் போனில் கத்தினார். மெட்ரோவைப் பிடித்து, கேப் பிடித்து, நான் வந்து இறங்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. இரண்டு வருடத்துக் காய்ந்த புல், கேட்க வேண்டுமா? மரக்கன்றுகள் ஒன்று பாக்கியில்லை. ஊர் ஆட்கள் கம்பிவலையை அறுத்துக்கொண்டு உள்ளே புகுந்து, வேப்பங்கொத்தால் அடித்து அடித்து, தீ தங்கள் குடிசைகள் பக்கம் போகாமல் நிறுத்தியிருந்தார்கள். அவளும் அங்கே இருந்தாள். முகமெல்லாம் கரி, கையில் கருகிய கொத்து. நான் பூட்டிய கதவின் இந்தப் பக்கம் சாவியோடு நின்றேன். கருகின நிலம் சரிவு முழுக்கக் கிடந்தது. நான் பலகையில் எழுதிவைத்தது அப்படியே பலித்திருந்தது. கொளுத்தினவர்கள் யார் என்பதில் மட்டும் வாசகம் தப்பு. பயம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மழை வந்ததும் கருகிய தரையில் புதுப் புல் தலைகாட்டியது. குழு கூடியது. இன்ஜினியர் இரண்டு மாதத்தில் பத்து வயது கூடியவராக இருந்தார். ஆராய்ச்சிப் பெண் சொன்னபடியே செய்து பார்ப்போம், ஊர் மாடுகளை முறை வைத்து உள்ளே விடுவோம் என்று அவரே சொன்னார். “உங்களுக்குத்தான் அந்தம்மாவத் தெரியுமே மேடம், அவங்க மாட்டயே முதல்ல கொண்டுவரச் சொல்லுங்க.”

போனேன். அவள் வீட்டுக்கு அதுதான் நான் முதல் தடவை போனது. தினமும் பால் வாங்கின காலத்தில்கூடப் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் இருந்தாள். பொம்மசந்திராவில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவும் வேலைக்குப் போகிறாளாம். பக்கத்தில் கொட்டகை காலி. முளைக்குச்சியில் கயிறு சுருட்டி மாட்டியிருந்தது, அதோடு அந்தத் தகர மணியும். டீ போட்டுக் கொடுத்தாள். கறுப்பு டீ.

“பால் பாக்கெட் தீந்துபோச்சு மேடம்” என்றாள்.

வந்த காரியத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

“செவலைய தீபாவளிக்கு முன்னாடி ஓட்டிட்டுப் போயிட்டாங்க. ஓசூருக்கு அந்தாண்ட. யாரு வாங்கினாங்கன்னு நான் கேட்டுக்கல. கேட்டா தேடிப் போவணும்னு தோணும்.” பிறகு, “பக்கத்து வீட்டுல நாலு மாடு இருக்குது. சொல்றேன், வருவாங்க” என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். அந்தப் பலகையில் எழுதியிருப்பது நான் அன்றைக்கு உங்களிடம் சொன்னது இல்லை. நீங்கள் நிலத்தைக் கொளுத்தினதாக எழுதியிருக்கிறது. எழுதினது நான். கிச்சு என்று தெரிந்தே எழுதினேன்.

அவள் ஆச்சரியப்படவில்லை.

“தெரியும் மேடம். பலகை வெச்ச மாசமே எங்க பொண்ணு காலேஜ் போறப்ப படிச்சிட்டு வந்து சொல்லிட்டா.”

“அப்பவே ஏன் என்கிட்ட கேக்கல?”

டம்ளரை எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள். “எள்ளு வாங்கித் தின்னீங்களே. நீங்களா சொல்வீங்கன்னு பாத்துகினு இருந்தேன். சங்கராந்திக்கு சாவி கேட்டு வந்தேனே, அதுக்குத்தான் வந்தேன். இல்லாட்டி எங்களுக்குத் தெரியாதா, அவ்ளோ காஞ்ச புல்லுல யாராவது நெருப்பு வெப்பாங்களா?”

எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு முன்னால் அழ எனக்கு எந்த உரிமையும் இல்லை என்பதும் தெரிந்தது. பலகையை நாளைக்கே எடுத்துவிடுகிறேன் என்றேன்.

“அய்யோ, எடுக்காதீங்க” என்றாள். அன்று முழுக்க அவள் குரல் உயர்ந்தது அந்த ஓரிடத்தில்தான். “எழுத்த அழிச்சுடுங்க. படம் இருக்கட்டும். எங்க வீட்ல செவலைக்கு ஒரு போட்டோ கூட இல்ல மேடம். இருக்கறது அந்தக் காலு ஒண்ணுதான்.”

குழுவில் எல்லோரிடமும் நடந்ததைச் சொன்னேன். “நான் கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?” என்றார் இன்ஜினியர். தெரியவில்லை என்றேன். அதற்கப்புறம் அவர் என்னை மனு எழுதக் கூப்பிடுவதில்லை. அது நியாயம்தான்.

மறுநாள் காலை ஒரு பிளேடும் ஈரத்துணியும் எடுத்துக்கொண்டு போய் நானே சுரண்டினேன். கன்னடம் போனது, ஆங்கிலம் போனது. தமிழ்தான் அழுத்தமாக ஒட்டியிருந்தது. நடைப்பயிற்சிக்குப் போனவர்கள் என்ன, ஏது என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் முழுக்கச் சொன்னேன். ஏழெட்டுப் பேருக்குச் சொல்லியிருப்பேன். சொல்லச் சொல்லச் சுலபமாகும் என்று நினைத்தேன், ஆகவில்லை.

இப்போது பக்கத்து வீட்டு மாடுகள் நாலும் முறை வைத்து உள்ளே வருகின்றன. மேய்ந்த இடத்தில் புல் குட்டையாக, தரை தெரிய இருக்கிறது. ஆள்காட்டிக் குருவியின் சத்தம் போன வாரம் ஒரு தடவை கேட்டதாக இன்ஜினியர் யாரிடமோ சொல்லியிருக்கிறார். கதவை நான் பகலில் பூட்டுவதில்லை. நாலரை மணிக்குச் சங்கிலி சத்தம் போடும்போது எழுந்து போய்ப் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை.

நேற்றும் எழுந்து போய்ப் பார்த்தேன். கதவின் முன்னால் அவள் நின்றிருந்தாள். கேன்டீன் வேனிலிருந்து இறங்கி வந்திருக்கிறாள், தோளில் பை. பலகைக்கு மிக அருகில் போய், சாம்பல் நடுவில் அந்தக் கோணல் குளம்படி இருக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். நான் கீழே இறங்கிப் போனேன். என்னைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டாள்.

“மேடம், இதுக்கு மேல ஒரு கண்ணாடி மாதிரி ஏதாச்சும் போட்டுடுங்க. மழையில கீழ இருந்து மண்ணு தெறிக்குது. இன்னும் ரெண்டு மழைக்கு காலு தெரியாம போயிடும்.”

போடுகிறேன் என்றேன். இன்று காலை குனியாமல் பலகையின் முன்னால் நின்று, நாடாவால் நீள அகலம் அளந்து குறித்துக்கொண்டு வந்தேன்.